மேல் வீட்டு ஏசித் தண்ணீர்

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். அதில் என் மனதில் நின்றது ஒன்றுதான். "தண்ணி பக்கெட்டத் தூக்கிட்டு மொட்டை மாடி ஏறுறத மட்டும் இனிமே மறந்துடுங்கம்மா." ஏதோ ஊறுகாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். நான் தரைத்தளம். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை பெங்களூரில். மொட்டை மாடியில் மல்லி, செம்பருத்தி, கத்திரி, பிரண்டை என்று ஒரு கூட்டத்தையே வைத்திருந்தேன். காலையில் கண் விழித்தால் எனக்காகக் காத்திருக்க ஏதாவது ஓர் உயிர் வேண்டும். மனிதராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது இல்லாவிட்டால் நான் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டேன், என் சுபாவம் அப்படி.

மாடிச் செடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று. பிறகு ஒரு நாள் இரும்புலியூர் பக்கம் ஆட்டோவில் போகும்போது ஒரு நர்சரியில் குட்டி ஆர்க்கிட்டுகளைப் பார்த்தேன். காபி டம்ளர் அளவு தொட்டி, அதற்குள் நாலு இலை. ஜன்னல் விளிம்பிலேயே வளரும், நேர் வெயில் வேண்டாம், மாடி ஏற வேண்டாம் என்றார்கள். என் முட்டிக்காகவே கடவுள் படைத்த செடி என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்தேன்.

வந்ததை நான் மல்லிச் செடி மாதிரி கவனித்தேன். கரியும் தேங்காய் மட்டைத் துண்டுமாக இருந்ததைப் பார்த்து, 'ஐயோ பாவம், மண்ணே இல்லாமல் விற்றிருக்கிறார்களே' என்று இரக்கப்பட்டு, செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டேன். அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல் ஊறின தண்ணீர், வெள்ளிக்கிழமை கொஞ்சம் மோர். மாப்பிள்ளைக்குக்கூட அப்படி விருந்து போட்டிருக்க மாட்டேன். வேர் அழுகி, இலை கூழாகி, எல்லாம் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தன. மரத்தில் தொற்றிக்கொண்டு காற்றைக் குடித்து வாழ்கிற செடி அது. அதைக் குழிக்குள் போட்டு மூடியிருக்கிறேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். கரி, மட்டைத் துண்டு, கொஞ்சம் பாசி. கிழக்கு ஜன்னலில் மெல்லிய திரை. காற்று ஓட மூலையில் சின்ன மின்விசிறி. ஆர்க்கிட் வேர் காய்ந்திருந்தால் வெள்ளியாக இருக்கும், தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாகும். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் காலையில் எழுந்தேன். ஆனால் கொஞ்ச நாளில் வேர் நுனிகள் கருக ஆரம்பித்தன. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. எங்கள் போர் தண்ணீர் அப்படி. குழாயைத் திறந்தால் வாளியே வெளுத்துப் போகும். கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தேன், அதற்கும் பெரிதாக மசியவில்லை. ஒவ்வொன்றாக வதங்கின. மிக மோசமாக இருந்த ஒன்றை, பார்க்கச் சகிக்காமல், ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கம்பிக் கூண்டின் ஓரத்தில் தூக்கி வைத்தேன். குப்பைக்காரர் வரும் நாளில் போட்டுவிடலாம் என்று எண்ணி, வழக்கம்போல் மறந்துபோனேன்.

அந்தக் கோடையில்தான் மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தார்கள். கணவன், மனைவி, இரண்டே பேர். வந்த மறுநாளே ஏசி மாட்டினார்கள். அதன் தண்ணீர் என் ஜன்னல் கூண்டின் தகரத்தில் விழ ஆரம்பித்தது. டொக், டொக், டொக். பகலிலும் நிற்காது, ராத்திரியிலும் நிற்காது. அப்படி என்னதான் வெயில் இவர்களுக்கு மட்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நன்றாக எழுத வரும். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதினேன். பொறுப்பு, நாகரிகம், அடுத்தவர் தூக்கம் என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்தேன். கை தட்டல் படங்கள் வந்து குவிந்தன. மேல் வீட்டுப் பெண் ஒரே வரி போட்டாள்: 'ஸாரிக்கா, சீக்கிரம் சரி பண்ணிடறேன்.' சொன்னபடியே மெக்கானிக்கை அழைத்து, குழாயை நீட்டி, தன் குளியலறைக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டாள். சத்தம் நின்றது. ஜெயித்த தெம்பில் அன்று சாயங்காலம் கேசரி கிளறினேன்.

கேசரி தீர்ந்த பிறகு ஒரு நாள் கூண்டைத் துடைக்கப் போனேன். அந்தச் செத்த ஆர்க்கிட் ஓரத்தில் அப்படியே இருந்தது. எடுத்துக் குப்பைப் பைக்குள் போடப் போனவள், கையை இழுத்துக்கொண்டேன். அதன் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பியிருந்தன. தடிமனாக, நுனியில் இளம்பச்சையாக. உள்ளே திரை போட்டு, விசிறி போட்டு நான் தாலாட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் செத்துக்கொண்டிருக்க, வெளியே தூக்கிப் போட்டது கொழுகொழுவென்று இருந்தது. நான் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. அதற்குத் தண்ணீர் விட்டது மேல் வீட்டு ஏசி.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பே கிடையாது, மழைத் தண்ணீர் மாதிரி என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன செய்ய? ஊரைக் கூட்டிச் சண்டை போட்டு அந்தத் தண்ணீரை நிறுத்தியவளும் நானேதான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜன்னலில் இன்னொரு செடி இலை சுருங்கியதும் மீசையை எடுத்துவிட முடிவு செய்தேன்.

"நான் கீழ் வீட்டிலேர்ந்து பேசறேம்மா. அந்த ஏசி தண்ணி..."

"ஐயோ அக்கா, மறுபடியும் சொட்டுதா? நான் இப்பவே மெக்கானிக்குக்குப் போன் பண்றேன்."

"இல்லம்மா, சொட்டல. சொட்டலைங்கறதுதான் இப்ப பிரச்சினை."

விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் அவள் சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை, ரொம்ப நாளாகச் சிரிக்காதவர்கள் சிரிப்பதுபோல் கொஞ்சம் இருமலோடு வந்த சிரிப்பு. "சொட்டெல்லாம் விட வேணாங்கா. நானே பிடிச்சுத் தரேன்" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் மேலே புலம்பியது என் ஜன்னல் வரை கேட்டது. "இன்னாமா இது? போன தபா தண்ணி வருதுன்னு சண்ட. இப்ப வரலன்னு சண்டயா? உங்க பில்டிங்கோட ஒரே பேஜாரா கீதும்மா."

அவளோடு போனில் பேசியதில்தான் அவள் வீட்டு நிலைமையும் தெரிந்தது. கணவர் மின்சார ரயில் ஓட்டியவர். தாம்பரத்துக்கும் கடற்கரைக்குமாக வாழ்நாளெல்லாம் ஓட்டிவிட்டு, பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் குழறிவிட்டது. படுத்தே கிடந்ததில் முதுகில் புண். வியர்வை பட்டால் புண் ஆறாது, அறையை எப்போதும் குளிராக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இருபத்திநாலு மணி நேரமும் ஏசி. அவரைத் தனியாக விட்டுவிட்டு அவள் வெளியே கால் வைக்க முடியாது. எனக்கோ படி ஏற முடியாது.

ஆனால் அவளிடம் ஒரு கயிறு இருந்தது. கீரைக்காரம்மாவிடம் கீரை வாங்க, பின்பக்க பால்கனியிலிருந்து பை கட்டி இறக்குவாள். அதே கயிற்றில் ஒரு சின்ன வாளியைக் கட்டித் தண்ணீரை என் பால்கனிக்கு இறக்கினாள். முதல் நாள் வாளி விளிம்பு வரை நிறைந்து வந்து நின்றது. குழுவில் அத்தனை பேர் நடுவில் திட்டியவளுக்கு, ஒரு சொட்டு சிந்தாமல் நிதானமாக இறக்கியிருந்தாள்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாளியைத் திருப்பி அனுப்பப் போனேன். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? சுற்றிலும் பார்த்தேன். அப்போதுதான் அரைத்து வைத்திருந்த பருப்புப் பொடி இருந்தது. ஒரு டப்பாவில் போட்டு வாளிக்குள் வைத்து, கயிற்றை இரண்டு முறை ஆட்டினேன். வாளி மேலே போனது.

இப்படி ஆரம்பித்தது. காலையில் தண்ணீர் கீழே வரும், கொஞ்ச நேரத்தில் டப்பா மேலே போகும். பிரண்டைத் துவையல், இரண்டு அடை, ரவா லட்டு, ஒரு முழம் மல்லி, ஒன்றும் இல்லாத நாளில் நறுக்கி வைத்த கொய்யா. நாளைக்கு என்ன அனுப்பலாம் என்று யோசிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. தனியாக இருப்பவள் தனக்காக அடை வார்ப்பாளா? அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று வார்த்ததில் நானும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

செடிகளும் பிழைத்தன. வேரெல்லாம் பச்சை பிடித்தது. மிளகு அளவு மொட்டு விட்டது ஒன்று, துவரம்பருப்பு அளவு மொட்டு விட்டது இன்னொன்று. பூத்தபோது கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. லென்ஸ் வாங்கி வைத்துப் பார்த்தால், அந்தத் துளியூண்டு பூவுக்குள் உதடு, அதில் மஞ்சள் புள்ளி, ஓரத்தில் ரோமம்கூட இருந்தது. போனில் படம் எடுத்து மேலே அனுப்பினேன். 'செம்பருத்தி சைஸ்ல இருக்கேக்கா' என்று பதில் வந்தது. மூக்குத்தி அளவுதான் என்று நான் எழுதியதை அவள் நம்பவில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. அந்த மனிதர் படுத்துக் கிடப்பதால்தான் ஏசி ஓடுகிறது, ஏசி ஓடுவதால்தான் என் ஜன்னல் பூக்கிறது. அவர் தேறினால் ஏசி நிற்கும், வாளி நிற்கும். இது தெரிந்தேதான் செவ்வாய்க்கிழமை தோறும் அவர் தேற வேண்டும் என்று விளக்கேற்றினேன். முழு மனதோடு வேண்டினேனா என்று கேட்டால், பெரும்பாலும் முழு மனதோடுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டியது. இரண்டு டிரம் வைத்துப் பிடித்தேன். செடிகளுக்குப் பல மாதத்துக்குப் போதும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறது என்றால் கயிறு எதற்கு? காலையில் அந்தக் கயிறு பால்கனிக் கம்பியில் உரசும் சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியும் என்று ஆகிவிட்டிருந்தது. அவள் அனுப்பும் தண்ணீரில் வீடு துடைத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்திலேயே அவ்வளவு சுத்தமான தண்ணீரில் துடைத்த தரை என்னுடையதாகத்தான் இருக்கும்.

தை பிறந்தது. அந்த வருடம் நல்ல குளிர். போர்வையை விட்டு வெளியே வர மனமில்லாத காலை. வாளி இறங்கியது, ஆனால் பாதிதான் இருந்தது. அதற்கடுத்த நாள் அதற்கும் குறைவு. தண்ணீரில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்தக் குளிரில் அந்த மனிதருக்கு எதற்கு ஏசி? காய்ச்சலோ? புண் மறுபடி பழுத்துவிட்டதோ? போன் அடித்தேன், எடுக்கவில்லை. கயிற்றை ஆட்டினேன், மேலிருந்து குரல் வரவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகப் படியில் கால் வைத்தேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கைப்பிடியைக் கட்டிப்பிடித்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. பயம் பாதி, முட்டி பாதி.

கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஜன்னலோரம், சக்கர நாற்காலியில், தோளில் துண்டோடு அவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் படத்தில்கூடப் பார்த்திராத மனிதர். நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். எனக்கு வந்த நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல் இருந்தது.

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. திறந்தேன். முகத்தில் குளிர் அறைந்தது. காலிக் கட்டில். அதன் ஓரத்தில், ஸ்வெட்டர் மேல் சால்வையைப் போர்த்தி, காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஏசி முழு வேகத்தில் ஓடியது.

"ஏம்மா, யாருமே இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஏசி?"

அவள் திருடிப் பிடிபட்டதுபோல் எழுந்து நின்றாள். "அவருக்குப் புண்ணு கார்த்திகைலயே ஆறிடுச்சுக்கா. இப்ப ஹால்லதான் இருக்கார். உங்க செடிக்குத் தண்ணி வேணுமே, அதான்..."

"நா... சொன்னேன். கேக்கல" என்று ஹாலிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"எங்கிட்ட ரெண்டு டிரம் மழைத் தண்ணி இருக்கும்மா!" என்றேன். என்னையறியாமல் கத்திவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா டப்பா வராதேக்கா." அவள் மடித்த துணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த வீட்டுக்கு வர்றதெல்லாம் அவருக்குத்தான் வருது. மருந்து, கஞ்சி மாவு, டயப்பர், பாக்க வர்றவங்க கொண்டு வர்ற ஹார்லிக்ஸ். எல்லாம் வேணும்தான். ஆனா எனக்குன்னு வர்றது அந்த டப்பா ஒண்ணுதான்."

ரிமோட்டைத் தேடி எடுத்து ஏசியை அணைத்தேன். அறையே திடீரென்று அமைதியானது. எனக்கு அவள் தண்ணீர் அனுப்புகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க ஊத்தின தண்ணில வளந்த செடிய நீங்க ஒரு தடவகூட பாத்ததில்ல" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "கீழ போங்க. கெழக்கு ஜன்னல். லென்ஸ் டேபிள் மேலயே இருக்கு, அது இல்லாமப் பூ தெரியாது. நான் இவர்கூட இருக்கேன்."

"ஐயோ, தனியாவா? அவருக்கு..."

"போ... போ" என்றார் அவர். அவள் போனாள். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சுப் பயிற்சிக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, மெதுவாகத் தொடங்கினார். "தாம்பரம்." கொஞ்சம் மூச்சு. "சானடோரியம். குரோம்பேட்டை." பல்லாவரத்தில் நாக்கு சிக்கியது, நின்று, மறுபடி எடுத்தார். நானும் கூடவே சொன்னேன். எனக்கும் அந்தப் பாதை பழக்கம்தான், ஆனால் நான் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து போனவள், அவர் ஓட்டியவர். கோடம்பாக்கத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் நான் தடுமாறியபோது என்னைத் திருத்தினார். கடற்கரை வந்து சேர்ந்தோம். அவள் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்துவிட்டு, "திரும்...பலாமா?" என்றார். கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று தாம்பரமே வந்துவிட்டது. அப்போதும் அவள் வரவில்லை.

அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மீதித் துணிகளை மடித்து முடித்தேன்.

அவள் வந்தபோது வெயில் ஹாலை விட்டுப் போயிருந்தது. மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலைமுடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. என் பிரம்பு நாற்காலியின் பின்னல் அவள் வலது கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"ஸாரிக்கா, ஸாரிக்கா. தூங்கிட்டேன். எப்படித் தூங்கினேன்னே தெரியலக்கா."

"பூவப் பாத்தீங்களா?"

"லென்ஸக் கையில எடுத்தேன். நாற்காலில உக்காந்தேன். அவ்ளோதான் ஞாபகம் இருக்கு." அவள் கண்ணில் நீர் தளும்பியது, கூடவே சிரிப்பும் வந்தது. "இப்படித் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமாக்கா?"

"அந்தப் பூ ஒரு மாசத்துக்கு உதிராது" என்றேன். "நாளைக்கு வந்து பாருங்க."

மறுநாள் நான் படி ஏறினேன், அவள் இறங்கினாள். அதற்கு மறுநாளும். அவரும் நானும் கடற்கரை வரை போய்த் திரும்புகிறோம், இப்போது பல்லாவரத்தில் வண்டி நிற்பதில்லை. என் முட்டிகூட முன்பைவிடப் பரவாயில்லை. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பூ உதிர்ந்து, வேறு செடியில் வேறு பூ வந்து, அதுவும் உதிரப் போகிறது. அவள் இன்றுவரை ஒன்றையாவது ஒழுங்காகப் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை. நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு, வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.